சத்தம் சொல்லு

போடிநாயக்கனூர்,
18 ஜூன் 2023

அன்புத் தங்கை அமுதாவுக்கு,

அக்கா கலையரசி எழுதுகிறேன். நான், அப்பா, செசிலியா மூவரும் சுகம். உன் மச்சான் மலையில் ஏலக்காய் ஸ்டோரில் சுகம். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வந்தால்தான் எங்களுக்கு முழுச் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? திருச்சி வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதா?

நீ நவதுறவியாக மடத்துக்குள் போனதிலிருந்து வீட்டில் ஒரு குரல் குறைகிறது. போன் கிடையாது, ஒரு வருஷத்துக்கு வீட்டுக்கு வர முடியாது, கடிதம் மட்டும்தான், அதையும் பொறுப்பு சிஸ்டர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறேன். பி.காம். பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. சிஸ்டர், நீங்களும் நலந்தானே?

வியாழக்கிழமை நம்மூருக்கு ரயில் வந்துவிட்டது! பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம். ஊரே மாலையும் செல்போனுமாக ஸ்டேஷனில் நின்றது. அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு செல்லக்கிளி அக்கா வந்து, "ஏன் கலை, ஊரே ரயிலப் பாக்குது, ஒங்கப்பா என்னத்தா தூங்குறாரு?" என்று கேட்டாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, "ஹாரன் அஞ்சு கட்டையும் ஏழு கட்டையும் சேர்ந்து வருது. நல்லா சேர்ந்திருக்கு" என்றார். செல்லக்கிளி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நம் குடும்பத்தைப் பற்றி அவள் முடிவு செய்து ரொம்ப நாளாகிறது.

பிள்ளை செசிலியா செய்தி கேட்பாய். ஏழு மாசம் முடிகிறது. பாட்டுக்காரர்களின் பாதுகாவலி செசிலியம்மாள் திருநாளில் பிறந்ததற்கு ஏற்ற மாதிரிதான் வளர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு அவளைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் தரையில் பேஸ் ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறதே, அதன் மேல் அப்பாவின் துண்டை மடித்துப் போட்டு அவளைப் படுக்க வைத்துவிடுவோம். 'கரண்ட் தொட்டில்' என்று அப்பா பேர் வைத்திருக்கிறார். பாட்டு தொடங்கியதும் கை கால் எல்லாம் ஆடும். வாய் காது வரைக்கும் விரியும். "எம் பேத்தி தாளம் போடுறா பாரு" என்று பாடகர் குழுவையே நிறுத்திக் காட்டுகிறார். வீட்டிலும் அப்படித்தான். ஆர்மோனியப் பெட்டியில் சாய்த்து வைத்தால்தான் கஞ்சி இறங்குகிறது.

சரி, சின்ன வயதில் ஒருத்தி கண்ணை மூடிக்கொள்ள, இன்னொருத்தி எதையாவது தட்டி 'சத்தம் சொல்லு' என்போமே, அதைக் கடிதத்திலும் விடக்கூடாது. முதல் சத்தம் என்னுடையது: ஓட்டுக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும், ஆனால் வட்டமாகச் சுற்றும். நடுநடுவே ஒரு இருமல். சொல்லு பார்க்கலாம்.

உன் செபத்தில் எங்களைச் சேர்த்துக்கொள்.

கலை

*

திருச்சி,
9 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இறைவன் அருளால் நலம். சோறு நன்றாகப் போடுகிறார்கள், புளிக்குழம்புதான் நம் வீட்டுக் குழம்பு இல்லை. அப்பாவின் மூட்டுவலி எப்படி? மச்சான் மழைக்காலத்தில் ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு வராமல் இருக்கச் சொல்.

உன் சத்தம்: அப்பாவின் கடையில் ஏலக்காய் சலிக்கிற சத்தம். இருமல் அப்பாவுடையது. இதைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் நான் சவரியப்பன் மகளா? படித்ததும் மூக்கில் ஏலக்காய் வாசமே வந்துவிட்டது. அன்று மத்தியானத் தியானத்தில் கவனமே இல்லை. இதையும் பொறுப்பு சிஸ்டர் படிப்பார்கள். படிக்கட்டும்.

இங்கே நாளில் பாதி மௌனம். மௌனம் என்றால் சத்தமே இருக்காது என்று நினைத்திருந்தேன். யார் நடந்து வருகிறார்கள் என்று செருப்பை வைத்தே சொல்லிவிடுவேன் இப்போது. என் சத்தம்: சின்ன மணி ஒரே ஒரு தட்டு. உடனே முப்பது எருமைகள் கல்லில் குளம்பை இழுக்கின்றன. அப்புறம் ஒன்றுமே இல்லை.

செசி 'ம்மா' சொல்கிறாளா? எங்களோடு இருக்கும் ஒரு சகோதரியின் அக்கா பிள்ளைக்கும் இதே வயதுதான். 'தத்தா, பப்பா' என்று ஒரே பேச்சாம். நம்முடையவள் அதற்கு மேலே ஆலாபனையே செய்வாளே, எழுது.

அமுதா

*

போடி,
6 ஆகஸ்ட் 2023

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவின் மூட்டுவலி மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, பெடல் மிதிக்க மட்டும் வலிக்காதாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் தாமதம், பிள்ளை அசந்தால்தான் எனக்குக் கை கிடைக்கிறது.

உன் எருமைகள் சாப்பாட்டு அறை நாற்காலிகள்தானே? மணி அடித்ததும் எல்லோரும் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மௌனமாகச் சாப்பிடுகிறீர்கள். சகோதரிகளை எருமை என்று எழுதியதைப் பொறுப்பு சிஸ்டர் எப்படி விட்டார்கள்?

இங்கே விண்ணேற்புத் திருநாளுக்குப் பயிற்சி. போன ஞாயிறு ஒரு கூத்து. எல்லோரும் வந்திருந்தார்கள், குரலெல்லாம் நன்றாகச் சேர்ந்து வந்தது, செசி வழக்கம்போல கரண்ட் தொட்டிலில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பல்லவி திரும்பும்போது பொசுக்கென்று கரண்ட் போய்விட்டது. கீபோர்டு செத்தது. இவள் கை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள், முகம் கோணியது, ஓவென்று அழுகை! எல்லோருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "மாஸ்டர், கச்சேரி கலைஞ்சு போச்சுன்னு பாப்பாவுக்குக் கோவம்" என்றான் முத்துக்கண்ணன், நம் ஆண்குரல்காரன். அப்பாவுக்குப் பெருமை சொல்லி முடியாது. வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கும் சிரிப்புத்தான்.

சத்தம்: நாலு பேர் சேர்ந்து தொண்டையைக் கனைக்கிறார்கள். ஒரு தகரம் துள்ளுகிறது. பிறகு தெரு முனையில் ஒரு விசில், கடைசியில் கொஞ்சம் வளைந்து இறங்கும்.

கலை

*

திருச்சி,
27 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு. எல்லோரையும் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உன் சத்தம்: சனிக்கிழமை ஜீப்பு வந்து நிற்பது. பின்கதவுத் தகரம் துள்ள மச்சான் குதிக்கிறார், விசிலடிக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் அந்த விசில் யாருக்காக அடிக்கப்பட்டது என்பதைப் பொறுப்பு சிஸ்டருக்காக எழுதாமல் விடுகிறேன்.

கரண்ட் போன கதையை இங்கே பொழுதுபோக்கு நேரத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் படுக்கும்போது ஒன்று தோன்றியது, சும்மாதான் கேட்கிறேன். கரண்ட் போனதும் நீங்கள் பாட்டையும் நிறுத்திவிட்டீர்களா?

'ம்மா' பற்றி நீ எழுதவில்லை.

இந்தத் தடவை எனக்கு ஒரு சத்தமும் அகப்படவில்லை. அடுத்த முறை.

அமுதா

*

போடி,
24 செப்டம்பர் 2023

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கவேண்டும். ரொம்பத் தாமதம், மன்னித்துக்கொள். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இங்கே மழை நன்றாகப் பிடித்துவிட்டது. மலையில் காய் எடுப்பு மும்முரம், மச்சானுக்கு ஸ்டோரில் காய் உலர்த்துகிற சோலி, இரண்டு சனிக்கிழமை வரவே இல்லை. செல்லக்கிளி அக்காவின் மகன் புது பைக் வாங்கியிருக்கிறான். மேலத் தெருவில் ரோடு போடுகிறார்கள். கத்தரிக்காய் விலை கேட்டால் மயக்கம் வரும். செசிக்கு நாலு பல். தவழ்ந்து அடுப்படிக்கு வந்துவிடுகிறாள், கண்ணை எடுக்க முடியவில்லை. நல்ல சுறுசுறுப்பு. நல்ல எடை.

போன வாரம் பிள்ளையார் ஊர்வலம் நம் தெரு வழியாகப் போனது. மேளம் வருகிறதென்று அவள் என் இடுப்பில் இருந்து துள்ளின துள்ளலில் நான் விழுந்திருப்பேன். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ஏன் அழுதேன் என்று செல்லக்கிளி அக்கா கேட்டாள், தூசி விழுந்தது என்றேன். அதற்கு மூன்றாம் நாள் எதிர்த்த வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். பிணம் எடுக்கும்போது சன்னலுக்கு நேர் கீழே சரவெடி. நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தேன். தொட்டிலில் இவள் அப்படியே தூங்குகிறாள். செல்லக்கிளி அக்கா எட்டிப் பார்த்து, "அடி ஆத்தா, நெஞ்சழுத்தக்காரி! இந்த வேட்டுக்கு எங்க வீட்டு நாயி பரணுக்கு ஏறிருச்சு, இவ அசையலையே" என்று திருஷ்டி கழித்தாள்.

வேறு விசேஷம் இல்லை. அப்பா செசியின் பிறந்தநாளுக்கு இப்போதே திட்டம் போடுகிறார். நவம்பர் இருபத்திரண்டு செசிலியம்மாள் திருநாள் பூசையில் ஒரு வயசுக்காரியைக் கீபோர்டு முன்னால் உட்கார வைத்து, அவள் கையால் ஒரு கட்டை அழுத்த வைத்து, அதே சுருதியில் பாட்டு எடுப்பாராம். குழு முழுக்கச் சொல்லிவிட்டார். புதுச் சட்டைக்குத் துணியும் எடுத்தாயிற்று.

பிள்ளை முழித்துவிட்டாள். முடிக்கிறேன்.

கலை

*

திருச்சி,
1 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். அவசரமாக எழுதுகிறேன். ஐந்தாம் தேதி முதல் எங்களுக்கு முப்பது நாள் பெரிய தியானம், முழு மௌனம். வரும் கடிதங்கள் அலுவலகத்தில் இருக்கும், முடிந்த பிறகுதான் கையில் தருவார்கள். அதுவரை என்னிடமிருந்து ஒரு வரியும் வராது.

உன் போன கடிதத்தில் சத்தம் இல்லை, அக்கா. கத்தரிக்காய் இருந்தது, ரோடு இருந்தது, சத்தம் இல்லை. நீ அதை மறக்கிறவள் இல்லை.

பாட்டை நிறுத்தினீர்களா என்று கேட்டிருந்தேன். எனக்குப் பதில் வேண்டாம். உனக்கு நீயே சொல்லிக்கொண்டாயா?

அமுதா

*

போடி,
9 அக்டோபர் 2023

அமுதா,

நீ சுகமாக மௌனத்தில் இருப்பாய். இதை நீ இப்போது படிக்கமாட்டாய் என்பதால்தான் எழுத முடிகிறது.

நிறுத்தவில்லை. பாட்டு நிற்கவில்லை. கீபோர்டு மட்டும்தான் நின்றது. இருபது பேர் பல்லவியைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டுதான் இருந்தோம், கரண்ட் போனால் நாம் விட்டுவிடுகிறவர்களா? அவள் முகத்துக்கு நேரே நின்றுதான் நான் பாடிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் எல்லாம் முடிந்துபோன மாதிரி பார்த்தாள். நான் பாடுவதைக் காட்டிலும் சத்தமாக அழுதாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று உனக்கு எழுதினேன். அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அமுதா.

தெரிந்த பிறகும் தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சோதிக்கிறேன். பின்னால் நின்று தட்டைப் போடுகிறேன். திரும்புகிறாள்! தட்டை மெத்தை மேல் போட்டுக் கரண்டியால் அடிக்கிறேன். திரும்பவில்லை. மரப்படியில் மச்சான் ஏறி வந்தால் கதவைப் பார்க்கிறாள். நான் வெறுங்காலோடு போய்ப் பெயர் சொன்னால் பொம்மையைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறாள். குக்கர் விசிலுக்கு ஒன்றும் இல்லை. மேளத்துக்குத் துள்ளினாளே என்று ஒரு நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேளம் வந்தபோது என் நெஞ்சே அதிர்ந்தது, அவள் என் நெஞ்சோடு ஒட்டித்தானே இருந்தாள்.

நாமேதான் ஏமாந்தோம். வேறு வீட்டில் பிறந்திருந்தால் ஆறாம் மாசமே, பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று யாராவது கேட்டிருப்பார்கள். நம் வீட்டில் பேஸ் பெட்டி மேல் படுக்கப்போட்டு, உடம்பு அதிர்ந்து அவள் சிரித்ததை, கேட்கிறாள், ரசிக்கிறாள், தாளம் போடுகிறாள் என்று ஊரைக் கூட்டிக் காட்டினோம்.

'ம்மா' சொல்லவில்லை. ஏழாம் மாசம் ஏதோ குழறிக்கொண்டிருந்தாள், அதுவும் குறைந்துவிட்டது.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் புதுச் சட்டைக்குச் சரிகை வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். மச்சானிடமும் சொல்லவில்லை. மலையில் போன் எடுக்காது, எடுத்தாலும் இதைப் போனில் எப்படிச் சொல்வது? செல்போனில் மட்டும் தேடித் தேடிப் படிக்கிறேன். சீக்கிரம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு மாசமும் முக்கியம் என்றே எல்லாவற்றிலும் இருக்கிறது. மூடி வைத்துவிடுகிறேன். மறுபடி திறக்கிறேன்.

கலை

*

போடி,
22 அக்டோபர் 2023

அமுதா,

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன்.

முதலில் கோபம். "யாருக்கு? எம் பேத்திக்கா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? போன்ல கண்டதப் படிச்சிட்டு வந்து பேசாத" என்றார். உன் அம்மா இருந்திருந்தால் இப்படிப் பேசவிட்டிருப்பாளா என்றார். நான் எழுந்தேன். செசியைப் பாயில் உட்கார வைத்து முன்னால் நாலு ஏனம் போட்டேன். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படி வாசலில், அவள் முதுகுக்குப் பின்னால், தரையில் படாமல் மேசை மேல் வைத்தேன். "வாசிங்கப்பா" என்றேன்.

அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது வாசிக்கிற மெட்டு ஒன்று இருக்கிறதே, அவரே கட்டியது, அதை எடுத்தார். அவள் டம்ளரைத் தட்டுக்குள் போட்டாள், எடுத்தாள். துருத்தியை அழுத்தி வாசித்தார். அவள் போட்டாள், எடுத்தாள். பெயர் சொல்லிப் பாடினார். அப்புறம் கத்தினார், அமுதா. அந்த மனுஷன் சுருதி தப்பி நான் கேட்டதே இல்லை. தெருவில் போனவர்கள் நின்றார்கள். செல்லக்கிளி அக்கா படியேறி ஓடி வந்தாள், படி அதிர்ந்ததும் செசி திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்பா கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே இருந்தார். அப்புறம் எழுந்து வந்து அவளைத் தூக்கி, ஆர்மோனியத்துக்கு மேலே வைத்து, மெதுவாக ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். அவள் இரண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்தாள். வாய் விரிந்தது.

"பெட்டியத்தான் கேட்டுருக்கா" என்றார் அப்பா. அவ்வளவுதான். சாயங்காலப் பயிற்சிக்குப் போகவில்லை.

சனிக்கிழமை மச்சானிடம் சொன்னேன். அவர் சட்டை கூட மாற்றாமல் உட்கார்ந்து, "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு கலை" என்கிறார். போன மாசத்திலிருந்து படியேறுவதற்கு முன்னால் தெருவில் நின்று சன்னலைப் பார்த்து விசிலடித்துப் பார்ப்பாராம். "நீதான் எட்டிப் பாக்குற. மோளு பாக்கலை." மலையாளக்காரர் மாதிரி மகளை அப்படித்தான் கூப்பிடுகிறார் இப்போது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒளிந்து ஒளிந்து சோதித்திருக்கிறோம்.

மதுரைக்குப் போகவேண்டும் என்கிறார். நான் திருநாள் முடியட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கலை

*

திருச்சி,
4 நவம்பர் 2023

அக்கா,

நேற்று தியானம் முடிந்தது. பொறுப்பு சிஸ்டர் உன் இரண்டு கடிதத்தையும் சேர்த்துத் தந்தார்கள். தரும்போது, "முதலில் மதுரைக்குப் போகச் சொல்லி எழுது, நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்" என்றார்கள். அதனால் விசாரிக்கவில்லை.

திருநாள் முடியட்டும் என்று இருக்காதே. செசிலியம்மாள் காத்திருப்பாள், ஆஸ்பத்திரியில் தேதி காத்திருக்காது. திங்கட்கிழமையே மச்சானை லீவு போடச் சொல்.

ஆறுதலாக எழுதவேண்டும் என்று இரண்டு காகிதம் வீணாக்கினேன். எனக்கு வரவில்லை. அழுதுகொண்டே சாப்பாட்டு அறையில் நாற்காலியை இழுத்தேன், என் எருமை மட்டும் பிந்தி வந்தது.

போ.

அமுதா

*

போடி,
26 நவம்பர் 2023

அமுதா,

போனோம். ஏழாம் தேதி சாயங்கால ரயிலில் மதுரைக்குப் போய், மச்சானின் சிநேகிதர் வீட்டில் தங்கி, மறுநாள் ஆஸ்பத்திரி. ரயில் ஹாரனுக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை. தண்டவாளத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

தூங்க வைக்க மருந்து கொடுத்து, தலையில் ஒயரெல்லாம் ஒட்டினார்கள். அறை முழுக்கப் பஞ்சு வைத்த சுவர். அந்த அறைக்குள் என் மூச்சே எனக்குக் கேட்டது. கம்ப்யூட்டரில் கோடு ஏறும் ஏறும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். மட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"சொந்தத்துல கட்டுனீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். "மாமா மகன்" என்றேன். மச்சான் தரையைப் பார்த்தார். "அதனாலதான்னு சொல்லல, கேக்கணும், கேட்டேன்" என்றார்கள். இரண்டு காதுமே. பலத்த சத்தம்கூட அரைகுறையாகத்தான் போகுமாம். முதலில் காது மிஷின் போட்டுச் சில மாசம் பழக்கவேண்டும், அப்புறம் ஆபரேஷன் பற்றிச் சொல்வார்கள். அரசாங்கக் காப்பீட்டில் செய்யலாம் என்றார்கள். காதுக்குள் ஏதோ பசை ஊற்றி அச்சு எடுத்தார்கள். டிசம்பர் நடுவில் மிஷின் வரும். "பேசிக்கிட்டே இருங்க, பாடிக்கிட்டே இருங்க" என்றார்கள். யாருக்கு என்று கேட்க நினைத்தேன்.

திருநாளுக்கு அப்பா கீபோர்டு வாசிக்கவில்லை. முத்துக்கண்ணன் வாசித்தான். அப்பா கடைசி வரிசையில் செசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சரிகைச் சட்டையோடு. பூசை முடிந்து யாரோ, "என்ன மாஸ்டர், கச்சேரிக்காரி இன்னைக்கு மேடை ஏறலையா?" என்று கேட்டார்கள். அப்பா சொன்னார்: "அவளுக்குக் காது கேக்காது. எனக்கும் இத்தன நாளாக் கேக்கல." கோயில் வாசலில் வைத்து, எல்லோர் முன்னாலும்.

நான் குழுவில்தான் நின்றேன். வாயை மட்டும் அசைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் ஆர்மோனியத்தின் மேல் பழைய சேலையைப் போட்டு மூடிவிட்டேன். அப்பாவின் கேசட்டெல்லாம் அலமாரிக்குள். ஞாயிறு மத்தியானம் ரேடியோவும் இல்லை. என் பிள்ளைக்கு வாசல் சாத்தின வீட்டுக்குள் நான் மட்டும் போய் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய?

இனிமேல் எனக்குச் சத்தம் எதுவும் எழுதி அனுப்பாதே.

கலை

*

திருச்சி,
5 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு என் முத்தம். கோயில் வாசலில் அப்படிச் சொன்னவரை இனி நான் வேறு மாதிரி நினைப்பேன்.

சத்தம் அனுப்பவில்லை. ஒரே ஒரு செய்தி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வருகைக்காலப் பாட்டுக்கு என்னை முதல் குரலில் நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே நல்ல குரல்கள் இருக்கின்றன, ஆனால் இரண்டாம் குரல் யாருக்கும் தெரியவில்லை. நான் மேலே போகும்போது கீழே நீ இருக்கிற இடம் வெறுமையாக இருக்கிறது. யாருக்காவது சொல்லிக்கொடு என்றார்கள். செய்யவில்லை. அந்த இடத்தை அப்படியே வைத்திருக்கிறேன். வாயை மட்டும் அசைக்கிற ஆளுக்கு அது கிடையாது.

கோபம் என்றால் கோபமாகவே இரு. ஆனால் டாக்டரம்மா பாடச் சொன்னது அவளுக்குக் கேட்கும் என்பதற்காக மட்டுமா? நெஞ்சில் சாய்ந்திருக்கிற பிள்ளைக்கு, அம்மா பாடாமல் இருப்பது தெரியாது என்று நினைக்கிறாயா? பெட்டி நின்றபோது அழுதவள் அவள்.

கீழே வேறு கையெழுத்தில் ஒரு வரி இருக்கும். பொறுப்பு சிஸ்டர் இடம் கேட்டார்கள்.

அமுதா

'அந்தச் சேலையை எடுத்துவிடு, மகளே. பூஞ்சை பிடிக்கும்.'

*

போடி,
27 டிசம்பர் 2023

அன்புத் தங்கைக்கும் பொறுப்பு சிஸ்டருக்கும்,

பாலன் பிறப்பு வாழ்த்து. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி, எனக்குத் தொண்டைக்கட்டு. அங்கே எல்லாச் சகோதரிகளும் சுகமா? இந்தத் தடவையும் தாமதம். ஆனால் காரணம் இருக்கிறது.

சத்தம் சொல்லு: ரொம்ப மெலிசான ஒரு விசில். மேலே, மேலே, ஊசி முனை மாதிரி. கொஞ்சம்கூட ஆடாது. வீட்டில் எல்லோருக்கும் கேட்கும், ஒருத்தியைத் தவிர.

உன்னை யோசிக்கவிட எனக்குப் பொறுமை இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். பதினாலாம் தேதி மிஷின் வந்தது. சின்னச் சின்னதாய், இரண்டு காதுக்கும். நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன். மாட்டினார்கள், அவள் பிடுங்கி வாயில் போட்டாள். மறுபடி மாட்டினார்கள், பிடுங்கினாள். அப்படியே நாலைந்து நாள். தொப்பி போட்டுக் கட்டினோம். வந்த அன்றைக்கே வீட்டில் அவளைத் தூக்கி அணைத்ததும் 'கீ'யென்று ஒரு விசில் கிளம்பியது. பயந்து விலக்கினேன், நின்றது. அணைத்தால் மறுபடி. காது எதிலாவது அமுங்கினால் மிஷின் தன் சத்தத்தைத் தானே எடுத்துக் கத்துமாம். அச்சு கெட்டியாக உட்காரும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் விலக்கிப் பிடியுங்கள் என்றார்கள். செல்லக்கிளி அக்கா சொன்னாள்: "நல்லாருக்குடி, புள்ளயக் கொஞ்சுனா போலீசு விசிலு அடிக்குது!" நான் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

இருபத்தி மூணாம் தேதி மலைக்குக் கேரல் போனோம். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். மச்சான் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "வெரசா ஏறு, மோளு ஏறிட்டா" என்றார். பார்த்தால் அவளைத் தூக்கி முன்சீட்டில் வைத்திருக்கிறார். நான் என்ன செய்ய? அப்பாவும் வந்தார், கையில் ஆர்மோனியம் இல்லாமல். சும்மா கூட வருகிறேன் என்றார். ஒரே ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதே. முத்துக்கண்ணன் கூரையைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் வந்தான். போடி மெட்டு வளைவுகளில் ஜீப்பு முக்கும்போதெல்லாம் செசி முன்சீட்டுக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளுக்கு அது முழுக் கச்சேரி.

மச்சானின் ஸ்டோருக்கு முன்னால் வேலைக்காரர்கள் எல்லோரும் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். நல்ல குளிர். எல்லோரும் வட்டமாக நின்றோம். யார் சுருதி எடுப்பது என்று தெரியவில்லை. எப்போதும் அப்பாதானே எடுப்பார்? எல்லோரும் அவரைப் பார்க்க, அவர் நெருப்பைப் பார்க்க, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. குளிர் தாங்காமல் செசியை நான் என் கழுத்தோடு சேர்த்து இறுக்கினேன். விசில் கிளம்பியது. அந்த மௌனத்தில், மலையில், அவ்வளவு தெளிவாக.

அப்பா தலையைத் தூக்கினார். ஸ்டேஷனில் நின்ற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏழு கட்டை" என்றார். "பிசிறே இல்ல. எம் பேத்தி சுருதி குடுத்துட்டாடா, எடுங்க!"

எப்போதும் இரண்டு கட்டையில் பாடுகிற பாட்டு, அமுதா! ஏழு கட்டையில் எடுத்துவிட்டார். முத்துக்கண்ணனுக்குக் குரல் உடைந்து ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினான். சரணத்தில் பாதிப் பேர் கழன்றுவிட்டார்கள். வேலைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா விடவில்லை, கழுத்து நரம்பெல்லாம் புடைக்கப் பாடினார். பல்லவி திரும்பும்போது நான் இரண்டாம் குரலில் நுழைந்தேன். அந்த உயரத்தில் கீழ்க்குரல்தான் நிம்மதியாக நிற்க முடிகிற இடம். மேலே உன் இடத்தைத் தொடவில்லை, அப்படியே விட்டேன்.

திரும்பினாளா, கேட்டாளா என்று கேட்பாய். இல்லை. அல்லது எனக்குத் தெரியவில்லை. பாடுகிற என் தொண்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் அந்த விசில் கூடவே வந்துகொண்டிருந்தது. விலக்கிப் பிடித்தால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

விலக்கவில்லை.

கலை